பூரணியக்காவின் இரண்டாவது கொப்பி

"தலைய நல்லாத் தூக்கு. இன்னும் கொஞ்சம். ம்... இப்ப ஒரு வாய் தண்ணி குடி."

விடியற்காலை ஐந்து மணிக்குப் பூரணியக்கா கைபேசியோடு இப்படிப் பேசுவது, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான அதே லயத்தில், பக்கத்துக் காம்பரா அறையில் இருக்கும் எனக்குச் சுவர் வழியாகவே கேட்கும். திரையில் தெரிவது மகள் ஷாமிலா. கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை. அவள் விழுங்கும்போது தொண்டையில் ஏதாவது ஏறி இறங்குகிறதா என்று அம்மா பார்க்கிறார். டாக்டர் தன்னைச் சோதித்ததைக் கவனித்து வைத்துக்கொண்ட வித்தை இது.

"போதுமாம்மா? கடைக்கு நேரமாச்சு."

"இன்னொரு வாய் குடிடி, வெளிச்சம் பத்தல."

வெளிச்சமெல்லாம் சாக்கு. மகள் முகத்தை இன்னும் அரை நிமிடம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த நேரத்துக்குக் காரணம் மாத்திரை. அக்காவுக்குத் தைராய்டு சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டதால் தினமும் வெறும் வயிற்றில் ஒன்று போட வேண்டும். போட்டு அரை மணி கழித்துத்தான் தேநீர். "ஊருக்கெல்லாம் கொழுந்து பறிச்சுக் கொடுக்கிறேன், எனக்கு ஒரு சாயத்தண்ணி குடிக்க மணி பாக்க வேண்டியிருக்கு டீச்சர்" என்று சிரிப்பார். சிரிப்பும் கரகரவென்றுதான் வரும், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு குரல் அப்படி. மலையில் அடுத்த நிரையில் நிற்பவளைக் கூப்பிடக்கூடக் கை தட்டுகிறார்.

அவருடைய அம்மாவும் மூத்த சகோதரியும் கழுத்து வீங்கித்தான் செத்துப்போனார்கள். கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் இழுத்து இழுத்து வந்த வீக்கம் என்று லயமே நம்பியது. நானும் நம்பினேன், படித்தவள் என்று பெயர் வேறு. அந்தக் கயிறு மகள் தலையில் ஏறக் கூடாது என்றுதான் ஷாமிலாவைப் பதினெட்டு வயதில் கொழும்புக்கு அனுப்பினார். ஏழு வருடமாகிறது. தீபாவளிக்கு இரண்டு நாள், பொங்கலுக்கு ஒரு நாள் என்று பெண் விருந்தாளியாகிவிட்டாள்.

மூன்று வருடத்துக்கு முன்பு அக்காவின் கழுத்திலும் கட்டி வந்தது. கண்டியில் டாக்டர் குடும்பக் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, இது கூடையால் வருவதில்லை, பரம்பரையாக வரும் புற்றுநோய் என்றார். மகளுக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பரவுவதற்கு முன் கண்டுபிடித்து எடுத்துவிட்டால் எல்லோரையும் போல நெடுநாள் வாழலாம், பரவிவிட்டால் அப்படி உறுதி சொல்ல முடியாது. ஆரம்பத்தில் வெளியே எதுவும் தெரியாது, இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டி வாருங்கள் என்றார்.

"தண்ணி குடிக்கிறதப் பாத்து ஒண்ணும் தெரியாதுன்னு எனக்கும் தெரியும் டீச்சர். வான்னா வர மாட்டேங்கிறா, கழுத்தையாவது காட்டுறாளே. எனக்குப் பிந்திப் போச்சு. அவளுக்குப் பிந்தக் கூடாது."

ஷாமிலாவிடம் பழைய நம்பிக்கை பத்திரமாக இருக்கிறது. "நான் கூடையே தூக்கலையேம்மா, எனக்கு எப்பிடி வரும்?" அதைச் சொல்லிச் சொல்லி வளர்த்தவரே அம்மாதான். இந்தப் பேச்சு வந்தால் மட்டும் அக்கா சிரிப்பதில்லை.

டாக்டர் விவரம் எழுதுவதற்கென்று கிளினிக்குக்கு அவர் கொண்டுபோகும் நோட்டுக் கொப்பிகள் இரண்டு. ஒன்று அவருடையது, ஓரமெல்லாம் சுருண்டது. இரண்டாவது பழுப்புத்தாள் உறை போட்டது, உள்ளே ஓர் எழுத்தும் இல்லை. அட்டையில் ஷாமிலாவின் பெயரை என்னைக் கொண்டு எழுத வைத்தார். "வடிவா எழுதுங்க டீச்சர், பாத்தா அவளுக்கு ஆச வரணும்."

போன வியாழக்கிழமை நானும் கூடப் போனேன். முதல் நாள் ஷாமிலா, "லீவு கேட்டிருக்கேன், நேரா கண்டிக்கு வர்றேன், பாப்போம்" என்றிருந்தாள். அந்தப் 'பாப்போம்' அக்காவின் காதில் ஏறவே இல்லை. தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

அங்கே வருகிறவர்கள் கொப்பிகளை மேசையில் அடுக்க, தாதி மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கூப்பிடுவார். பூரணியக்கா உள்ளே போய், "பரவினது அப்பிடியேதான் இருக்காம், ஆறு மாசம் கழிச்சு வரச் சொன்னாங்க" என்று வந்தார். அடுத்த பெயர் ஷாமிலா.

"ஆள் எங்க அம்மா?"

"பஸ்ல வந்துக்கிட்டு இருக்கா மிஸ். இந்தா, வந்துருவா."

கொப்பியை வாங்கி அடுக்கின் அடியில் செருகிவிட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். மகளுக்குப் போன் போட்டார், மணி அடித்தது, அவள் எடுக்கவில்லை. மறுபடி அந்தப் பெயர் வந்தது. மறுபடி அடியில் செருகினார். என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டரைக்கு உட்காரும் வாங்குகள் எல்லாம் காலியாகிவிட்டன. மேசையில் மிஞ்சியது ஒரே கொப்பி. தாதி அதை எடுத்து, பெயரைக் கூப்பிடாமல் அக்காவிடம் நீட்டினார். பூரணியக்கா எழுந்து போய் வாங்கினார். முந்தானையால் அட்டையைத் துடைத்தார். பிறகு, பெயர் மேலே தெரிய, அதே மேசையில் அதே இடத்தில் திரும்ப வைத்தார்.