தும்பிச் சட்டை

அந்தச் சட்டையை அவர் மனைவி மற்றத் துணிகளோடு ஊற வைப்பதில்லை. சாம்பல் நிறம், அரைக்கை. முதலில் அவருடைய அண்ணனுடையது. கைக்கு வந்த காலத்தில் தொளதொளவென்று இருந்தது. இப்போது வயிற்றருகே பொத்தான்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கின்றன. முன்பக்கம் முழுக்கக் கறைகள். காபி, ஆரஞ்சு, மறுபடி காபி, பெயர் தெரியாத ஏதோ சிவப்புப் பானம். வீட்டில் அதற்குத் தும்பிச் சட்டை என்று பெயர்.

கருந்தும்பி என்பது ஒரு விண்கலம். அதை வைத்துச் சில வருடங்களுக்கு ஒரு பாகம் என்று படங்கள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு பாகத்திலும் ஓரிடத்தில் எல்லாச் சத்தமும் நின்றுவிடும். இசை இல்லை, பேச்சு இல்லை, இருட்டில் கலம் மட்டும் மிதக்கும். பிறகு ஒரு வெடி. எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த ஒன்றுக்காகவே படத்துக்குப் போனவர்கள் உண்டு.

முதல் பாகம் வந்தபோது அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் சேர்ந்த புதிது. தனியாகப் போயிருந்தார். வெடித்த நொடியில் பக்கத்து இருக்கைக்காரன் துள்ளினான். அவன் கையிலிருந்த காபி முழுவதும் இவர் மேல். அவன் "சாரிங்க, சாரிங்க" என்று கைக்குட்டையால் துடைத்தான். கண் மட்டும் திரையை விட்டு நகரவில்லை. வெளியே வந்ததும் பிராயச்சித்தமாக ஒரு காபி வாங்கிக் கொடுத்தான்.

"இதையும் நீயே ஊத்திடு. எதுக்கு நான் கையில வாங்கி, அப்புறம் நீ தட்டிவிட்டுன்னு" என்றார் இவர்.

அப்படிப் பிடித்த சிநேகம். பக்கத்து இருக்கைக்காரன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். நாள் முழுக்க மாடிகளின் உச்சியில், மோட்டார் அறைகளில் இருப்பவன். பக்கத்தில் இரும்புச் சாமான் விழுந்தால்கூடத் திரும்பிப் பார்க்காத ஆள், கருந்தும்பி வெடிக்கும்போது மட்டும் குழந்தை மாதிரித் துள்ளுவான். ஒவ்வொரு பாகத்துக்கும் துள்ளினான். ஒவ்வொரு பாகத்துக்கும் கையில் ஏதாவது ஒரு கப் இருந்தது. இரண்டாம் பாகத்திலிருந்து இவர் அதற்கென்றே அண்ணனின் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். இருவருக்கும் கல்யாணம் ஆனது, காது ஓரம் நரைத்தது, லிஃப்ட்காரனின் மகள் வேலைக்குப் போனாள். சட்டை மாறவில்லை.

கண்ணாடிக் கடையில் அவர் இருப்பது பின்னறை. முன்னால் விளக்கும் ஆளுயரக் கண்ணாடியும் சிரிக்கும் பெண்ணும் உண்டு. பின்னால் ஒரு மேஜை, தேய்க்கும் சக்கரம், சிறிய தண்ணீர்க் குழாய். டாக்டர் எழுதிய பவரில் லென்ஸ் வட்டமாக வரும். அதை அவர் ஃபிரேமின் வடிவத்துக்குத் தேய்க்க வேண்டும். கொஞ்சம் தேய்த்து, வைத்துப் பார்த்து, மறுபடி கொஞ்சம். பெரிதாக இருந்தால் தேய்த்துக்கொள்ளலாம். சிறிதாகிவிட்டால் ஃபிரேமில் ஆடும், தூக்கிப்போட வேண்டியதுதான். வாடிக்கையாளர் யாரும் அவரைப் பார்த்ததில்லை. அதில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. சிநேகம் பிடிக்கத் தெரியாதவர். ஒரே ஒருவனைப் பிடித்தார், போதும் என்று இருந்துவிட்டார்.

பல் டாக்டர் வந்தது அதற்குப் பிறகு.

நாலாவது மாடியில் கிளினிக். அந்தக் கட்டடத்து லிஃப்ட் அடிக்கடி மாடிகளுக்கு நடுவில் நின்றுவிடும். ஒருநாள் உள்ளே மாட்டிக்கொண்டவர் டாக்டர். லிஃப்ட்காரன் கதவைப் பிரித்து வெளியே எடுத்தபோது அவர் கையில் கருந்தும்பியின் சிறிய மாதிரி இருந்ததாம். மேஜையில் வைக்க வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

"என்ன நேர்த்தி தெரியுமாடா! இறக்கையெல்லாம் மடங்குது" என்றான் லிஃப்ட்காரன்.

"எல்லாத்துக்கும் மடங்கும். விலைக்கு ஏத்த மாதிரி."

"டாக்டர் சொல்றாரு, மூணாம் பாகத்துல தலைவி சாகிற சீன்ல..."

"நான் சொல்லாததையா சொல்லிட்டாரு?"

அதற்குப் பிறகு டாக்டர் சொல்றாரு என்று தொடங்காத பேச்சே இல்லை. இவருக்குக் கடைவாயில் ஒரு பல் வலித்துக்கொண்டிருந்தது. ஊரில் வேறு பல் டாக்டர் யாரும் அகப்படாமல் வலியோடு இருந்தார்.

மனைவி சிரித்தாள். "நான் யாரோடயாவது ஓடிப்போனாக்கூட இவ்வளவு முகத்தைத் தூக்க மாட்டீங்க."

"நீ எங்க ஓடுவ? உனக்கு முழங்கால் வலி."

ஆறாம் பாகம் ஒரு வியாழக்கிழமை வந்தது. இது ஓடினால் ஏழாவது, ஓடாவிட்டால் இத்தோடு சரி என்று எடுத்தவர்களே சொல்லியிருந்தார்கள். இருவருக்கும் ஒத்துவரும் நேரம் சனிக்கிழமை மதியம். எப்போதும் அப்படித்தான். வியாழன் மாலை இவர் போன் செய்தபோது லிஃப்ட்காரன் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று சொல்லி உடனே வைத்துவிட்டான்.

சனிக்கிழமை தும்பிச் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். லிஃப்ட்காரன் பெரிய கப்பில் காபி வாங்கினான். இவருக்கு மனசு லேசாயிற்று. படம் ஆரம்பித்து கொஞ்ச நேரத்திலேயே சரியில்லை என்று தெரிந்துவிட்டது. மூன்றாம் பாகத்தில் செத்த தலைவி திரும்பி வந்தாள். கேட்டால், இரட்டைச் சகோதரியாம். கருந்தும்பியின் இன்ஜின் சத்தத்தை மாற்றியிருந்தார்கள். போகட்டும், வெடி ஒன்று இருக்கிறதே என்று உட்கார்ந்திருந்தார்.

சத்தம் நின்றது. திரையில் இருட்டு. கலம் மிதந்தது.

லிஃப்ட்காரன் குனிந்து கப்பைத் தரையில், இரண்டு கால்களுக்கும் நடுவில், பத்திரமாக வைத்தான். நிமிர்ந்து உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டான்.

வெடித்தது. அரங்கமே துள்ளியது. இவரும் துள்ளினார். லிஃப்ட்காரன் துள்ளவில்லை.

அதற்குப் பிறகு இவர் படத்தைப் பார்க்கவில்லை. திரை வெளிச்சத்தில் மாறி மாறித் தெரிந்த அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு வருமுன் உதடு விரிந்தது. கதவு திறக்குமுன் கண் கதவுக்குப் போனது. எல்லாம் ஒரு விநாடி முன்னால். இரண்டாம் தடவை பார்க்கிறவனின் முகம்.

படம் முடிந்ததும் பேக்கரி மாடிக்குப் போவது வழக்கம். பேக்கரிக்காரர் தும்பி ரசிகர். மாவு மூட்டைகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு வைத்திருப்பார். பள்ளிக்கூட பஸ் ஓட்டும் அக்காவும் வருவாள். நாலாம் பாகத்துக்கு நடந்த சண்டையில் இரண்டு தட்டு உடைந்த பிறகு பேக்கரிக்காரர் ஒரு சட்டம் போட்டிருந்தார். திட்டுவதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு நல்லது சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக்கூடாது. கடைசியில் சொல்வது கண்ணாடிக்காரர். யாரும் கவனிக்காத ஒன்றை எடுத்துப் போடுவார், எல்லோரும் அடடா என்பார்கள். அந்தக் கடைசி இடம் அவருக்கு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அவருடையது.

மாடியில் ஐந்தாவதாக ஒரு நாற்காலி போட்டிருந்தது.

"டாக்டரையும் வரச் சொல்லியிருக்கேன். தப்பில்லையே?" என்றான் லிஃப்ட்காரன், பொதுவாக.

டாக்டர் படியேறி வந்தார். ஒல்லியான, சிரித்த முகம். எல்லோருக்கும் கை கொடுத்தார். இவர் கையைக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்துக்கொண்டு, "உங்களைப் பத்தித்தான் எப்பவும் பேசுவாரு" என்றார். இவருக்கு அதுவும் பிடிக்கவில்லை.

"நல்லதைச் சொல்லுங்கப்பா முதல்ல. அடுப்புல ரொட்டி இருக்கு" என்றார் பேக்கரிக்காரர். "நானே ஆரம்பிக்கிறேன். சூரியன் உதிக்கிற காட்சி."

"ரோபோவை ரெண்டாம் பாதியில கொன்னுட்டாங்க. அது நல்லது" என்றாள் பஸ் அக்கா.

"வில்லனோட கோட்டு" என்றான் லிஃப்ட்காரன். யாரையும் பார்க்கவில்லை.

டாக்டர் யோசித்தார். "உண்மையைச் சொன்னா ஒண்ணும் இல்லைங்க. நல்லா எடுத்துட்டு வந்ததைக் கெடுத்துட்டாங்க. செத்தவ செத்தவதான். அவ சாவுக்கு நாம அழுதது பொய்னு ஆகுது இல்ல? அந்த இன்ஜின் சத்தம்! என் வீட்டு வாஷிங் மெஷின்ல கேக்கலாம். இதோட நிறுத்திக்கிட்டா மரியாதை."

ஒவ்வொரு சொல்லும் இவர் மனதில் இருந்ததுதான். டாக்டர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டார், அதுவும் அழகாக. லிஃப்ட்காரன் தலையாட்டினான்.

"அப்படி என்ன கெட்டுப்போச்சு?" என்றார் இவர்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஒருத்திக்கு அக்கா தங்கச்சி இருக்கக் கூடாதா? கலம் பழசாயிடுச்சு, சத்தம் மாறும். உங்க கார் வாங்கின புதுசுல போட்ட சத்தமா இப்ப போடுது?"

"கலத்தைத்தான் நாலாம் பாகத்துல புதுசா கட்டினாங்களே" என்றார் டாக்டர் மெதுவாக.

"புதுசுன்னா சத்தம் வராதா?"

"யோவ்," என்றாள் பஸ் அக்கா, "டிரெய்லர் பாத்துட்டு நீதானே சொன்ன, மாவரைக்கிற மாதிரி இருக்குன்னு? இந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்த."

"அது டிரெய்லர். படம் ஓடும். ஓடணும். ஏழாவது எடுக்கணும்."

"இதுக்கு ஏழாவதா? எதுக்கு?"

ஏழாவது இல்லையென்றால் தன் கணக்கில் ஒரு துள்ளல் குறைகிறது என்று அங்கே யாரிடம் சொல்வது? குரல் ஏறிக்கொண்டே போனது. ரோபோவின் நடனத்துக்குக்கூட வாதாடினார். பேக்கரிக்காரர் தட்டுகளை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"சரி, சட்டம் சட்டம்தான். உன் நல்லது எது? அதைச் சொல்லு, கடைசி ஆளு."

இரண்டாம் பாதியில் அவர் பார்த்தது ஒரே ஒரு முகம்.

"அந்த வெடிக்கு முன்னால வர்ற அமைதி," என்றார். "நீளமா வச்சிருக்காங்க. கப்பைக் கீழ வச்சுட்டுக் கை கட்டிக்கிற அளவுக்கு."

லிஃப்ட்காரன் காபியைக் கலக்குவதை நிறுத்தினான்.

டாக்டர் தொடையில் தட்டிச் சிரித்தார். "ஆமா, அதைச் சொல்லுங்க! வியாழக்கிழமை இவரு போட்ட துள்ளலைப் பாக்கணுமே. முழுக் கப்பும் என் மேல. வெள்ளைச் சட்டை! நான் படத்தை விட்டுட்டு இவரைப் பாத்துச் சிரிச்சேன்." பிறகுதான் மற்றவர்கள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தார். "ஏன், என்ன ஆச்சு?"

"ரொட்டி கருகுது" என்று பேக்கரிக்காரர் கீழே போனார்.

தெருவில் லிஃப்ட்காரன் பின்னாலேயே வந்தான். கையில் பேக்கரி கப்.

"டிக்கெட் கையில வச்சுக்கிட்டுக் கூப்பிட்டாருடா. மாட்டேன்னு சொல்ல வாய் வரல."

"ஆஸ்பத்திரி லிஃப்ட்னு சொல்ல மட்டும் வந்துச்சு."

"சொன்னா நீ இன்னிக்கு வந்திருக்க மாட்ட."

"வந்திருக்க மாட்டேன்தான்."

"படத்துக்கு ரெண்டு தடவை போனது ஒரு குத்தமா? அதுவும் இந்தப் படத்துக்கு?"

"போனதுக்கா சொல்றேன்? துள்ளிட்ட இல்ல?"

லிஃப்ட்காரன் அவரையே பார்த்தான். அவர் வயிற்றைப் பார்த்தான். புதிதாக எதுவும் படாத சாம்பல் சட்டை. பிறகு கப்பில் மீதமிருந்த காபியை அதன் மேல் ஊற்றினான். நிதானமாக, செடிக்கு ஊற்றுவது போல.

"இப்ப சரியா?"

"பைத்தியமாடா உனக்கு? வேணும்னு ஊத்தினா அது கணக்குல வருமா?"

பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஈரச் சட்டையோடு அவர் வீட்டுக்கு நடந்தார்.

மனைவி வாசலிலேயே முகர்ந்துவிட்டாள். "ஆறாவதும் ஆச்சா? லிஃப்ட் அண்ணன் துள்ளினாரா?"

"துள்ளினான். வியாழக்கிழமை. டாக்டர் மேல."

அவள் முதலில் சிரித்தாள். பிறகு சட்டையை வாங்கிக்கொண்டாள். மறுநாள் கொடியில் தொங்கியபோது பழைய கறைகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. புதியதைக் காணோம்.

"சும்மா தண்ணியிலதாங்க அலசினேன்" என்றாள். "அதுவாவே போயிடுச்சு."

படமும் ஓடவில்லை. இரண்டு வாரத்தில் தியேட்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

லிஃப்ட்காரன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையின் பின்னறைக்கு வருவதை நிறுத்தவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, தன் மகளைப் பற்றி, மேனேஜரைப் பற்றிப் பேசினான். டாக்டர் பேச்சை எடுக்கவில்லை. எடுக்காமல் தாண்டிப்போகும் இடங்கள் இவருக்குத் தெரிந்தன. ஒருநாள் சக்கரம் ஓடிக்கொண்டிருக்கும்போது இவரே கேட்டார், லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அந்த வெள்ளைச் சட்டை என்ன ஆச்சு? கறை போச்சா?"

லிஃப்ட்காரன் என்ன சொல்வதென்று யோசிப்பது தெரிந்தது.

"போகலையாம். லாண்டரியிலகூடக் குடுத்துப் பாத்தாராம்."

"தூக்கிப் போட்டுட்டாரா?"

"இல்ல. மடிச்சு வச்சிருக்காரு. அடுத்த பாகம்னு ஒண்ணு வந்தா போட்டுக்கலாம்னு."

சக்கரம் ஓடியது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் லென்ஸை எடுத்துத் துடைத்து ஃபிரேமில் வைத்துப் பார்த்தார்.

ஆடியது.