ஓர் ஒற்றுப்பிழை

போன வருட மழைக்காலம். புதுச்சேரி நெல்லித்தோப்பில், எங்கள் பின்தெருவில் தனியாகக் குடியிருந்த இத்தாலியப் பெரியவரை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். இத்தாலியில் பதினோரு வருடம் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்துவிட்டுத் திரும்பியவள் நான். அதனால் அவருக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருந்த அம்மா என்னைத்தான் கூப்பிட்டார். "நீ வந்தாதான்மா அவரு என்னா சொல்றாருன்னு புரியும்."

பெரியவருக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. காதும் மந்தம். ஒரே மகளோடு பல வருடமாகப் பேச்சில்லை. "உடம்பு சரியில்லை என்று மட்டும் தெரிவி. வரச் சொல்லிக் கெஞ்சாதே" என்றார். அப்படியே அவளுக்கு எழுதினேன். மறுநாள் காலை குரல் பதிவு வந்தது.

வார்டு வாசலில் ஒரே சத்தம். போனைக் காதில் வைத்தேன். முதல் வார்த்தையே 'வெர்ரேமோ' என்று கேட்டது. 'வருவோம்' என்று அர்த்தம். அதோடு நிறுத்திவிட்டு உள்ளே ஓடினேன். எனக்குத்தான் இத்தாலி மொழி தண்ணி பட்ட பாடாயிற்றே!

அவர் நம்பவில்லை. அசை பிரித்துச் சொல்லச் சொன்னார். காதருகே குனிந்து, "வெர்-ரே-மோ" என்றேன். அழுதுவிட்டார். மகளுக்கு 'நன்றி' என்று ஒற்றை வார்த்தை அனுப்பினேன்.

அதன் பிறகு நாலு நாள். "அக்கா, கஞ்சி குடுத்தாக்கூட தலைய திருப்ப மாட்டேன்றாரு. கதவையே பாத்துக்கினு கெடக்காரு" என்றாள் நர்ஸ். ஐந்தாம் நாள் காலை போய்விட்டார்.

மகள் வீட்டார் எப்போது கிளம்பினார்கள் என்று தெரிந்துகொள்ள, அந்தப் பதிவை அன்றுதான் முழுதாகக் கேட்டேன். 'வெர்-ரெம்-மோ'. ஒரு 'ம்' கூடுதல். நம் 'பாடு'வை 'பாட்டு' ஆக்குகிற ஒற்று மாதிரிதான். அது சேர்ந்தால் 'வருவோம்' என்பது 'வரத் தயார்தான், ஆனால்' என்று ஆகிவிடும். அந்த 'ஆனால்' பின்னாலேயே இருந்தது. அப்பா கூப்பிட்டால் உடனே வருகிறோம், கூப்பிடுகிறாரா என்று கேட்டுச் சொல்லுங்கள் என்று தயங்கித் தயங்கிப் பேசியிருந்தாள்.

அவளைப் போனில் கூப்பிட்டு அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். என் 'நன்றி'யைப் பார்த்து, அப்பா வேண்டாம் என்றுவிட்டார் என்றே நினைத்தாளாம். திட்டவில்லை. "அப்படியானால் காத்திருந்தாரா?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போதெல்லாம் யார் பேசினாலும் கடைசி வார்த்தை வரை கேட்ட பிறகே வாய் திறக்கிறேன். அந்தப் பழக்கத்துக்காக ஒரு அப்பாவும் மகளும் கொடுத்த விலையை நினைத்தால் மட்டும், இன்றும் எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.