பகலில் வராத மாப்பிள்ளை

போன சனிக்கிழமை எங்கள் அனலைதீவில் ஓர் இங்கிலீஷ் படம் பார்த்தேன். பார்த்தேன் என்பது பாதி உண்மைதான். மீதி நேரம் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

வீடியோ டெக், ரீவி, ஜெனரேட்டர் எல்லாம் ஊர்காவற்றுறையிலிருந்து வாடகைக்கு, கடல் தாண்டி லோஞ்சில் வந்து இறங்கின. நாங்கள் கேட்டது பக்திப் படம். கடைக்காரர் மாறிக் கொடுத்துவிட்டது காட்டேரிப் படம்! திருப்பி அனுப்பலாமா? வந்த ஜெனரேட்டரைச் சும்மா வைத்திருக்க யாருக்கு மனம் வரும்?

இருட்டினால், குண்டு விழும் என்று வெளிச்சம் காட்டப் பயப்படுகிற சண்டைக் காலம் இது. ஆகவே மத்தியானமே, அயல் வீட்டுப் பரமேஸ்வரி அக்காவின் ஜன்னல்களை ஆம்பிளைகள் உடுக்கிற சாரங்களால் மூடிப் படத்தைப் போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பிக்கிற பாவத்துக்கு, என்னை முன்னுக்குக் கதிரை போட்டு இருத்தினார்கள்.

கதை இதுதான். பள்ளிக்கூடம் போகிற வெள்ளைக்காரப் பெட்டை ஒருத்தி. அவளைச் சுற்றுகிற பெடியன் ஒருவன். பார்வைக்குப் பதினெட்டு வயது. உண்மையில் நூறைத் தாண்டிய இரத்தக்காட்டேரி. பகலில் பெட்டிக்குள் படுப்பான், பொழுதுபட்டால் எழும்புவான்.

என் அபிப்பிராயமா? ஒரு கடி கடிப்பதற்கு ஒன்றரை மணித்தியாலம் பெருமூச்சு விடுகிறவனைக் காட்டேரிச் சாதியிலேயே சேர்க்கக் கூடாது. ஆனால் என் அபிப்பிராயத்தை யார் கேட்டார்கள்?

பரமேஸ்வரி அக்காவின் தலைக்குள் அன்றைக்கு வேறு யோசனை. மகள் மலருக்கு ஜெர்மனியில் இருக்கிற பெடியன் ஒருவனைத் தரகர் பேசிக்கொண்டு வந்திருந்தார். திங்கட்கிழமை முடிவு சொல்ல வேண்டும். வந்தது ஒரு போட்டோ மட்டும். மலரிடம் கேட்டார்களா? அதெல்லாம் யார் கேட்பது!

படத்தில் காட்டேரி பெட்டையின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். உள்ளே வா என்று கூப்பிட்டால்தான் வருவானாம்.

"பாருங்கோ ரீச்சர், கூப்பிடாமல் படி மிதிக்கிறானில்லை" என்றார் அக்கா.

பெட்டையின் தாய் சாப்பாடு வைக்கிறாள். அவன் தொடவில்லை. சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அக்கா உருகிப் போனார்.

"முடிவாகேல்லை எண்டு கை நனைக்கிறானில்லை. நல்ல வளர்ப்பு!"

"அக்கா, அவன் இரத்தம் குடிக்கிறவன்..."

"சாராயம் குடிக்கிறானில்லைத்தானே?"

கொஞ்ச நேரத்தில் காட்டேரி பல்லைக் காட்டினான். அக்கா அசையவில்லை.

"பல்லுக் கொஞ்சம் எடுப்புத்தான். கலியாணத்துக்குப் பிறகு பாப்பம்."

வீடே சிரித்தது. குசினி வாசலில் தேத்தண்ணீர்த் தட்டோடு நின்ற மலர் மட்டும் சிரிக்கவில்லை.

"அம்மா, இந்தப் பெடியனை எனக்குப் பேசினால் ஓமெண்டுவியளோ?"

"விசரே உனக்கு? பகல் முழுக்க நித்திரை கொள்ளுறவனை ஆரடி கட்டுவினம்?"

"ஜெர்மனிக்காரருக்கும் இரவு வேலை, பகல் நித்திரை எண்டுதானே தரகர் சொன்னவர்? வயசு இருபத்தெட்டாம். அந்தப் போட்டோ எப்ப எடுத்ததெண்டு ஆருக்குத் தெரியும்? அவரைக் கண்ணாலை கண்ட சனம் ஒண்டு சொல்லுங்கோ பாப்பம்!"

நான் கதிரையைத் திருப்பி அவளைப் பார்த்தேன். பகிடி விடுகிற பிள்ளை இல்லை அவள். தன் பயத்தைச் சொல்ல அவளுக்கு அகப்பட்டது ஒரு காட்டேரிதான்.

கடைசியில் படத்துப் பெட்டையும் காட்டேரியாகி, அவனோடு போய்விட்டாள். இனி அவளுக்குப் பகலும் இல்லை, தாய் வீடும் இல்லை. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

திங்கட்கிழமை தரகர் வந்தபோது நானும் அங்கேதான் இருந்தேன்.

"மாப்பிள்ளை ஒருக்கா இஞ்சை வரட்டும்" என்றார் அக்கா.

"அவருக்கு இப்ப வர ஏலாது. பிள்ளையைக் கொழும்பிலை கொண்டுபோய் பிளேன் ஏத்திவிட்டால்..."

"அப்ப புதுசா ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கோ. நல்ல வெயிலுக்குள்ளை நிண்டு எடுக்கவேணும். பல்லும் தெரியவேணும். பிறகு மலரிட்டைக் கேட்டு முடிவு சொல்லுறன்."

கதவுக்குப் பின்னால் நின்ற மலரின் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

தரகர் எழும்பினார். வெளியே சுள்ளென்ற வெயில். குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். வைத்த தேத்தண்ணீர் வைத்தபடியே இருந்தது.

கை நனைக்கவில்லை பாருங்கள்... நல்ல வளர்ப்பு!