பத்தாம் வீட்டுச் சுவர்

எங்கள் அலுவலகத்துக்கு வேலை போனவர்களும் வீட்டை இழக்கப்போகிறவர்களும்தான் வருவார்கள். இலவசச் சட்ட உதவி. மனு போட்டு வாதாட வக்கீலம்மா, டைப் அடிக்க நான், அவ்வளவுதான் ஆட்கள். எதிரே கிடக்கிற நாற்காலிகளில் உட்கார்ந்து அழுகிறவர்களைப் பதினோரு வருஷமாகப் பார்த்து எனக்கு மரத்துப்போய்விட்டது. யார் எதைச் சொல்லி அழுதாலும் "பேரு, விலாசம், தேதி" என்பேன். கல்நெஞ்சக்காரி என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும், எனக்கென்ன.

பளபளா அக்கா எங்கள் கட்டடத்தின் நாலு மாடிக்கும் தரை துடைத்து, கழிப்பறை கழுவுகிறவள். அவள் தேய்த்த குழாயைப் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம். பேர் வைத்தது நான்தான். "விட்டா குழாயையே தேய்ச்சுக் கரைச்சிடுவ போலிருக்கே" என்று வம்பிழுத்தால், "நீங்க மொதல்ல மேசையில டீ சிந்தாம குடிச்சுப் பழகுங்க மேடம்" என்பாள். என் வாய்க்கு ஈடுகொடுக்கிற ஆள் அவள் ஒருத்திதான்.

ஒருநாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

அவள் இருந்தது பத்து வீடுள்ள ஒரு கட்டடத்தில். மொட்டை மாடியில் மழைத்தண்ணீர் இறங்குகிற குழாய் விரிசல் விட்டு, எல்லா வீட்டுச் சுவரிலும் ஈரம் இறங்கியிருக்கிறது. வீட்டுக்காரன் ஆள் வைத்து ஒன்பது வீட்டைச் சரி செய்தான். (வீட்டுக்காரர் என்று மரியாதை கொடுக்க எனக்கு வாய் வரவில்லை.) பத்தாவது வீடு அக்காவுடையது. வேலையாட்கள் அங்கே போகப் பார்த்தபோது, மாடிப்படியில் நாலு பேர் காதில் விழும்படி சொன்னானாம்: "கக்கூஸ் கழுவுறவளுக்கு எதுக்குடா பெயிண்ட்டு?"

சுவர் முழுக்கப் பூஞ்சை பிடித்தது. ஒன்பது வயது மகளுக்கு மூச்சிரைப்பு. இந்த ஈரம் இறங்குவது அடியோடு நிற்கிறவரைக்கும் பிள்ளை அங்கே படுக்கவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். இருப்பதோ ஒரே அறை. பஸ்ஸில் ஆறு மணி நேரம் போய், மகளைத் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"சுவரு காஞ்சா கூட்டிட்டு வந்துடுவேன் மேடம். அதுக்கு ஒரு வழி பண்ணுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

பேரு, விலாசம், தேதி கேட்டேன். செய்கிற தொழிலைச் சொல்லி ஒருத்தரை மட்டும் ஒதுக்குவது குற்றம் என்று வக்கீலம்மா மனு போட்டார். வீட்டுக்காரன் பக்கமிருந்து பதில் வந்தது. அக்காவை உட்கார வைத்து நான்தான் படித்துக் காட்டினேன். சும்மா படித்தேனா? அந்த ஆளைக் கிண்டல் செய்கிறேன் பேர்வழி என்று மூக்கால் இழுத்து இழுத்துப் படித்தேன்: "மனுதாரர் தமது தொழிலுக்கேற்ப வீட்டையும் அசுத்தமாக வைத்திருப்பதே சுவரிலுள்ள கறைக்குக் காரணம்."

அக்கா சிரிக்கவில்லை. "இன்னொரு தடவ படிங்க" என்றாள். படித்தேன்.

போதாக்குறைக்கு, மனுவோடு நாங்கள் கொடுத்த போட்டோ அந்தச் சுவருடையதே இல்லை என்று அவர்கள் சாதித்தார்கள். நேரில் போய்ப் பார்த்துவர ஓர் அதிகாரியை அனுப்புவதாக நீதிமன்றம் சொன்னது. வியாழக்கிழமை காலை பத்து மணி. எல்லோருக்கும் சொல்வதைத்தான் அக்காவுக்கும் சொன்னேன். வாடகை ரசீது, டாக்டர் சீட்டு எல்லாம் எடுத்து வை, எங்கேயும் போயிடாதே.

வியாழக்கிழமை அதிகாரியோடு வக்கீலம்மாவும் நானும் போனோம். அவள் கதவைத் திறந்ததும் பிளீச்சிங் பவுடர் நெடி முகத்தில் அடித்தது. உள்ளே சுவர் வெள்ளை வெளேரென்று நின்றது. இரண்டு நாள் லீவு போட்டு, சுரண்டி, கழுவி, இரண்டு கோட்டிங் சுண்ணாம்பு அடித்திருக்கிறாள். ஜன்னல் கம்பிகூட மின்னியது. இஸ்திரி போட்ட உடுப்பில் நிமிர்ந்து நின்றாள்.

"கறை எங்கம்மா?" என்றார் அதிகாரி.

"தொடச்சிட்டேன் சார்." முகமெல்லாம் பெருமை. "நாங்க அசுத்தமா வச்சிருக்கிறவங்க இல்ல. நல்லா பாத்து எழுதிக்கோங்க."

அவர் கெட்ட மனிதர் இல்லை. சுவரைத் தடவிப் பார்த்தார், வக்கீலம்மாவைப் பார்த்தார். "என் கண்ணுல படுறதைத்தாம்மா நான் எழுத முடியும்" என்றார். மூன்று வாரமாக மழையே இல்லை, விரலில் ஈரமும் ஒட்டவில்லை. வாசலில் நின்றிருந்த வீட்டுக்காரன், "நான்தான் சொன்னேனே சார், தொடச்சா போயிடும்னு" என்றான். அப்போதுதான் அக்காவுக்குப் புரிந்தது. முகம் அப்படியே நின்றுபோனது.

மனு தள்ளுபடியானது. நான் போய்ச் சொன்னபோது அவள் எங்கள் நடைபாதையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப பாப்பா?"

"புது மனு போடணும் அக்கா. ஆறு மாசம் ஆகலாம், மேலேயும் ஆகலாம்."

"சரி" என்றாள். "காலைத் தூக்குங்க மேடம்." தூக்கினேன். அந்த இடத்தையும் துடைத்துவிட்டுப் போனாள். அழவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கலாம்.

எடுத்து வை, கொண்டு வா என்று பதினோரு வருஷமாக எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். இருக்கிறதை அப்படியே விடு, கை வைக்காதே என்று ஒருத்தருக்கும் சொன்னதில்லை. யாருக்குச் சொல்லாவிட்டாலும் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டாமா? அந்த வரியை இரண்டு தடவை படித்துக் காட்டிய சண்டாளி நான். எனக்கும் அழுகை வரவில்லை. சோறு மட்டும் கொஞ்ச நாளுக்கு இறங்கவில்லை.

அடுத்த மழையில் பூஞ்சை திரும்ப வந்தது. "வந்துடுச்சு மேடம்" என்று அக்கா வந்து நின்றாள், ஊரிலிருந்து விருந்தாளி வந்ததைச் சொல்வது மாதிரி.

"கை வச்சிடாத அக்கா."

"வைக்கல."

போன வாரம் புது மனுவுக்குக் கையெழுத்து வாங்க அவள் வீட்டுக்குப் போனேன். தரை, பாத்திரம், குழாய் எல்லாம் அதே பளபளப்பு. அந்த ஒரு சுவர் மட்டும் மேலிருந்து கீழ்வரை கரி பிடித்தாற்போல் கிடந்தது. அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். மகள்.

"அம்மா, சுவரைத் தொடச்சிட்டியா? நான் எப்ப வரட்டும்?"

"இன்னும் இல்லடி கண்ணு. அப்படியேதான் வச்சிருக்கேன்."

"ஏம்மா? எல்லாரு வீட்டையும் நீதானே தொடைக்கிற?"

அக்கா போனை மடியில் வைத்துக்கொண்டாள். நான் மனுவை நீட்டினேன். எங்கே என்று கேட்டு, நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.