விசாரணை அக்கா வாயை மூடப் படித்தது

பேருந்து நிலையத்தின் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் பல வருடம் உட்கார்ந்து பேசியே பிழைத்தவளுக்கு, நாற்பதை நெருங்கும் வயதில் வந்த சோதனையைப் பாருங்கள்: பேசாமல் இருக்க வேண்டும். அதற்கு மதிப்பெண் வேறு உண்டு. அதில் ஒருமுறை தோற்றும் போயிருந்தாள். இன்னொரு முறை தோற்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். பேச்சு மொழிச் சிகிச்சையில் முதுகலைப் பட்டம் என்ற கனவு அதோடு சரி.

கூடப் படித்த பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் விசாரணை அக்கா. பழைய வேலையை மனத்தில் வைத்து வைத்த பெயர் என்றாலும், அவள் குணத்துக்கும் அது அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.

அந்த ஜன்னலில் அவள் ராணி. பயணி குனிந்து "அந்த..." என்று ஆரம்பிக்கும்போதே, "நாலாவது மேடை, பச்சை வண்டி, ஓடுங்க" என்பாள். கையில் இருக்கும் பையைப் பார்ப்பாள், நெற்றியில் இருக்கும் வியர்வையைப் பார்ப்பாள், எந்த ஊர் என்று சொல்லிவிடுவாள். வரிசை கடகடவென்று நகரும். நிலைய மேலாளர் புதிதாகச் சேர்ந்தவர்களை அழைத்து வந்து, "இவங்களைப் பாத்துக் கத்துக்கோங்க" என்று காட்டுவார். மனிதர்கள் பேசி முடிப்பதற்குள் பதில் சொல்வதுதான் கெட்டிக்காரத்தனம் என்று அவளும் நம்பினாள். நம்பாமல் என்ன, அதற்குத்தானே சம்பளம்.

ஒருநாள் புதுச்சட்டை போட்ட இளைஞன் ஒருவன் வந்து நின்றான். ஊர்ப் பெயரின் முதல் எழுத்திலேயே திக்கிக்கொண்டான். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. பின்னால் வரிசை முணுமுணுத்தது. அவள் இரக்கப்பட்டு, அந்த எழுத்தில் தொடங்கும் ஊர் ஒன்றைத் தானே சொல்லி, "மூணாவது மேடை, கிளம்பப் போகுது" என்றாள். அவன் ஒரு நொடி பார்த்தான், தலையாட்டினான், போய்விட்டான்.

மறுநாள் வந்தான். வரிசை நின்றால் நிற்கட்டும் என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக இழுத்து வெளியே போட்டான். அவள் சொன்னது அவன் ஊர் இல்லை. அவன் போக வேண்டிய இடத்தில் வேலைக்கான நேர்காணல் இருந்தது. முந்தின நாள் தவறான வண்டியில் ஏறி எங்கேயோ போய் இறங்கியிருந்தான்.

"அப்ப ஏம்ப்பா தலையாட்டின?" என்றாள் அவள்.

"மறு... மறுபடி சொல்றதவிட... அது சுலபம்" என்றான்.

அன்று மதியம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனை பேர் இப்படித் தலையாட்டியிருப்பார்கள் என்று யோசிக்கத் தொடங்கியவள், யோசனையை விடவே இல்லை. அவள் கணவர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர், அதிகம் பேசாதவர். மனைவி படிக்கப் போகிறேன் என்றபோது, "இந்த வயசுல..." என்று ஆரம்பித்தார். "இந்த வயசுல படிச்சா என்ன தப்புன்னுதானே கேக்கறீங்க, தப்பே இல்ல" என்று அவளே முடித்துவிட்டாள். அவர் சொல்ல வந்தது அதுதானா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

முதுகலை வாசல் லேசில் திறக்கவில்லை. அவள் இளநிலையில் படித்தது வணிகவியல். ஆகவே தொண்டையின் உடற்கூறு, காது வேலை செய்யும் விதம், ஒலியியல், குழந்தை மொழி கற்கும் முறை, புள்ளியியல் எல்லாவற்றையும் முதலில் முடித்துவிட்டு வா என்றார்கள். வேலை முடிந்து மாலை வகுப்பில் முடித்தாள். புள்ளியியல் மட்டும் படுத்தி எடுத்தது. சேர்ந்த பிறகு, வாயைத் திறப்பதற்கு முன்னால் மற்றவர்கள் சிகிச்சை செய்வதைப் பார்த்துக்கொண்டே பல மணி நேரம் உட்கார வேண்டும் என்றார்கள். பார்த்தாள். விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு எப்படி ஊட்டுவது என்று தெரிய, மாவுபோல் கெட்டியாக்கிய தண்ணீரை மாணவர்களே குடித்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். குடித்தாள். பிள்ளைகளின் காதைச் சோதித்தாள், ஆய்வேடு எழுதினாள், எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து வைத்த தேர்வுக்கு உட்கார்ந்தாள்.

இவற்றைவிடக் கொடுமை மருத்துவப் பயிற்சி நேரம். மேற்பார்வையாளர் பார்க்க, நோயாளியோடு நேருக்கு நேர் உட்கார்ந்த நேரம் மட்டும்தான் கணக்கில் சேரும். தயாரித்த நேரம் சேராது, காத்திருந்த நேரம் சேராது. மழை என்று நோயாளி வராமல் போனால் அந்த நாளே போச்சு. குழந்தை, பெரியவர், பேச்சு, மொழி, திக்கல், விழுங்கல் என்று எல்லா வகையிலும் நூற்றுக்கணக்கான மணி நேரம் சேர வேண்டும். அவள் எறும்புபோல் சேர்த்தாள்.

கடைசிச் சுற்றில்தான் வழுக்கினாள். பக்கவாதத்துக்குப் பிறகு சொல் மனத்தில் இருந்தும் வாய்க்கு வராமல் தவிப்பவர்களிடம் பயிற்சி. கேள்வி கேட்டால் காத்திருக்க வேண்டும், காத்திருந்த பிறகுதான் குறிப்புக் கொடுக்கலாம். அவளோ படத்தைக் காட்டுவாள், நோயாளி உதட்டைக் குவிப்பார், அதற்குள் "ஆமா, குடை" என்று சொல்லி முடித்துவிடுவாள். விசாரணை ஜன்னல் அவளுக்குள்ளேயே திறந்து கிடந்தது.

மேற்பார்வையாளர் அவளைவிட வயதில் இளையவர். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லாம் பார்ப்பவர். சுற்றி வளைக்காமல் சொன்னார். "அக்கா, அன்னிக்கு அந்த அறையில ஒருத்தர்தான் நல்லாப் பேசினாரு. அது நீங்க."

"இனிமே வாயே திறக்க மாட்டேன் மேடம்."

"வாயைத் திறங்க, தப்பில்ல. அவரு பேச்சை நீங்க பேசாதீங்க. இன்னும் ஒரு வாய்ப்புத்தான் இருக்கு. அதுக்கு மேல விதியில இடம் இல்ல."

அந்த ஒரு வாய்ப்பாக வந்தவர் ஒரு தையல்காரர். வலது கை மடியில் கிடந்தது. சொற்கள் ஒன்றிரண்டுதான் வந்தன. அவற்றில் ஒன்று "மெஷின்". அவர் அதைச் சொன்னதும் பக்கத்தில் இருக்கும் மனைவி முடிப்பார். "மெஷின்ல உக்காரணும், அதானே? ஏக்கம்மா இவருக்கு. தினமும் எண்ணெய் போட்டுத் துடைச்சு வச்சிருக்கேன்." தையல்காரர் தலையாட்டுவார்.

முதல் நாள் விசாரணை அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடியே இருந்தாள். அட்டையில் எழுதிய பெயருக்குப் பொருந்துகிறதா என்று அவள் ஒவ்வொரு படமாகக் காட்ட, தையல்காரர் ஆமாம், இல்லை என்று சரியாகச் சொன்னார். வெற்றிக் களிப்போடு வெளியே வந்தவளிடம் மேடம், "உங்க புருவம் பேசுது அக்கா" என்றார். சரியான படத்தைக் காட்டும்போதெல்லாம் புருவம் மேலே ஏறியிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அவர் பதில் சொல்லியிருக்கிறார். தையல்காரர் கெட்டிக்காரர்.

அவள் விடுவதாக இல்லை. வீட்டில் கண்ணாடி முன்னால் முகத்தைக் கல்லாக்கிப் பழகினாள். பிறகு கணவரிடம் பழகினாள். அவர் "இன்னிக்குக் கடையில..." என்று தொடங்குவார். அவள் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து, நாக்கு நுனியைப் பல்லில் அழுத்தி, சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள். அவருக்கு வியர்த்துவிடும். வாக்கியத்தின் மறுபாதியைச் சொல்லியே பழக்கம் இல்லை அவருக்கு.

"என்ன, எம்மேல கோவமா?" என்றார் முதல் வாரம்.

"இல்லைங்க. சொல்லுங்க."

"என்ன சொல்ல வந்தேன்னு மறந்துபோச்சு."

மெல்ல மெல்ல அவரும் பேசினார். கடைப்பையனுக்குக் கல்யாணம், தனக்கு முதுகுவலி, கடையை இடம் மாற்றலாமா என்ற யோசனை. முதுகுவலி நெடுநாளாக இருந்திருக்கிறது. அதைக் கேட்டு அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மதிப்பீட்டு நாள் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடம். இந்தப் பக்கம் ஒரு மேசை, தையல்காரர், மூலை நாற்காலியில் அவர் மனைவி. "என்ன ஆனாலும் நீங்க எடுத்துக் கொடுக்கக் கூடாதும்மா" என்று அவரிடம் முன்கூட்டியே கெஞ்சி வைத்திருந்தாள். அந்த அம்மாள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

படங்கள் முடிந்தன. கடைசியாக, படம் இல்லாத கேள்வி. "ஐயா, இனிமே வீட்டுல என்ன செய்யணும்னு ஆசைப்படுறீங்க?"

தையல்காரர் யோசித்தார். உதடு அசைந்தது. "மெ... மெஷின்."

மூலையில் கைப்பை நெரிந்தது. விசாரணை அக்காவின் நாக்கு நுனியில் மீதி வாக்கியம் தயாராக வந்து நின்றது. மூன்று பேருக்கும் தெரிந்த வாக்கியம். அவர் அவளைப் பார்த்தார். வழக்கம்போல யாராவது முடித்துவிட்டால் தலையாட்டலாம் என்று காத்திருக்கும் பார்வை அது. புதுச்சட்டை போட்டவனும் ஜன்னலுக்கு வெளியே அப்படித்தான் ஒரு நொடி பார்த்தான். அவள் புருவம் அசையவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். வரிசை நின்றால் நிற்கட்டும்.

"மெஷின..." என்றார் அவர். மூச்சு வாங்கினார். இடது கையால் மேசையைத் தட்டினார். "வி... வித்துடு."

கைப்பை தரையில் விழுந்தது.

"என்னது?" என்றார் மனைவி. இதற்கு மேல் அந்த அம்மாளை அடக்க யாராலும் முடியாது.

"புடிக்கல" என்றார் தையல்காரர். இந்தச் சொல் தங்குதடையின்றி வந்தது. "அப்பா... உக்கார வச்சாரு. எனக்கு... என்னிக்குமே... புடிக்கல."

"கல்யாணமான நாள்லேருந்து உங்ககூட இருக்கேன். ஒரு வார்த்தை ஏன் சொல்லல?"

இதற்கு அவருக்கு நெடுநேரம் பிடித்தது. விசாரணை அக்கா அந்த அம்மாளின் பக்கம் கையை மட்டும் உயர்த்தினாள். அந்த அம்மாளும் காத்திருந்தார், வாழ்க்கையில் முதல்முறையாக இருக்கலாம்.

"நீ..." என்றார் அவர், "விட்டாத்தானே."

அந்த அம்மாள் அழப்போகிறார் என்று விசாரணை அக்கா நினைத்தாள். அதுவும் தவறு. அவர் சிரித்தார், கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். தையல்காரரும் கோணிய வாயோடு சிரித்தார். "சனியன் பிடிச்ச மெஷினு. தினமும் துடைச்சேனே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார் அந்த அம்மாள்.

அவர்கள் போன பிறகு மேடம் மதிப்பீட்டுத் தாளோடு உள்ளே வந்தார். மேசையில் வைத்து, ஒரு வரியைக் காட்டினார். தையல் வேலைக்குத் திரும்ப விரும்புகிறார் என்று எழுதி, மேலே கோடு போட்டு அடித்திருந்தது.

"அவரு மெஷின்னு சொன்னதுமே எழுதிட்டேன் அக்கா" என்றார் மேடம். "நீங்க பேசல. நான்தான் பேனாவால பேசிட்டேன்."

"தேறிட்டேனா மேடம்?"

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், பேனா மூடியைத் தேடினார், வேண்டுமென்றேதான். விசாரணை அக்கா கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல், அவர் சொல்லும்வரை காத்திருந்தாள்.

"தேறிட்டீங்க" என்றார் மேடம்.