கேரம் குரூப் வீடு மாறிய கதை

ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம். ராயபுரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து, சாம்பார் வருவதற்குள் அப்பளத்தை உடைக்கலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இலையிலிருந்து ஒரு குரல்.

"இன்னா சார், நேத்து நம்மாண்ட வந்துட்டு ஒரு வார்த்தகூட பேசாம பூட்டீங்க."

திரும்பினால், தனசேகர். எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. மிச்ச நேரம் முழுக்க கேரம் போர்டு. எனக்குத் தம்பி மாதிரி. ஆனால் முந்தின நாள் நான் திருவொற்றியூரில் என் வீட்டு வாசலைக்கூடத் தாண்டவில்லை. சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

"வூட்டாண்ட இல்ல சார், நெட்ல. வந்துகிறீங்க, என் போட்டோல்லாம் பாத்துகிறீங்க. அதான் எழுதிக் காட்டுதே."

எனக்குப் புரை ஏறியது.

அந்த வெப்சைட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொல்லவும் வேண்டாம் — நீங்களும் அதில்தான் இருக்கிறீர்கள். எங்களுக்கு அங்கே ஒரு குரூப் இருந்தது. பெயர், 'ரெட் அண்ட் ஃபாலோ'. கேரம் ஆடுகிறவர்களுக்குப் புரியும். சிவப்புக் காயைப் போட்டால் மட்டும் போதாது, அடுத்த அடியில் இன்னொரு காயையும் போட்டாக வேண்டும். காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று வடசென்னையின் கேரம் பைத்தியங்கள் அத்தனை பேரும் உறுப்பினர்கள். குவைத்தில் வெல்டிங் செய்கிறவர், சிங்கப்பூரில் லாரி ஓட்டுகிறவர் எல்லாம் உண்டு. எந்தப் பவுடர் நல்லது, எந்த டோர்னமென்ட்டில் யார் கையை நகர்த்தினார்கள்... இதே பேச்சுத்தான். நான் ஆட்டத்தில் சுமார். பேச்சில் சாம்பியன்.

குரூப் நல்ல குரூப். குடியிருந்த இடம்தான் சரியில்லை.

நீங்கள் யாருடைய பக்கத்தை எட்டிப் பார்த்தாலும், அந்தச் சைட் அவரிடம் போட்டுக் கொடுத்துவிடும். யாரோடு புதிதாகச் சேர்ந்தீர்கள், எந்தப் படத்துக்குக் கீழே என்ன எழுதினீர்கள் — எல்லாம் ஊருக்கே தண்டோரா. ஒரு நாள் என் பின்னால் நின்று பார்த்த மனைவி, "நீங்க எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பை அங்கேயே விட்டுட்டு வந்திடறீங்க" என்றாள். அதற்குப் பிறகு எந்தச் செருப்பு எந்த வாசலில் கிடந்தது என்று அவள் விசாரிக்க ஆரம்பித்தது தனிக்கதை. அதை இந்தப் பத்தியில் எழுத எனக்கு தைரியம் இல்லை.

தனசேகர் பட்டது இன்னும் மோசம். காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டு வியாசர்பாடியில் ஒரு டோர்னமென்ட் ஆடப் போனான். யாரோ போட்டோ எடுத்து சைட்டில் போட்டார்கள். கூடவே அவன் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். அது நேராக அவனுடைய சூப்பர்வைசர் பக்கத்தில் போய் நின்றது. மறுநாள் மெமோ. அதில் ஒரு வேடிக்கை, போட்டோவுக்குக் கீழே சூப்பர்வைசர் "நல்ல ஷாட்" என்று எழுதியிருந்தார்.

இப்ராஹிம் பாய் கதையையும் சொல்ல வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டையில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார். கம்ப்யூட்டர் விஷயத்தில் எங்கள் எல்லோருக்கும் அவர்தான் டாக்டர். அவரிடமே அந்தச் சைட், 'உங்கள் ஈமெயில் பாஸ்வேர்டைக் கொடுங்கள், நண்பர்களைத் தேடித் தருகிறோம்' என்றது. கொடுத்தார். அவருக்கு என்றைக்கோ ஒரு மெயில் அனுப்பியிருந்த அத்தனை பேருக்கும் அழைப்பு போய்விட்டது. 'இப்ராஹிம் உங்கள் நட்பை விரும்புகிறார்.' அவர் மகளுக்குப் பார்த்து, வேண்டாம் என்று சொல்லிவிட்ட மாப்பிள்ளை வீட்டுக்கும் போனது. கோர்ட்டில் கேஸ் நடந்துகொண்டிருந்த பழைய கடை ஓனருக்கும் போனது.

"ஓனரு சரின்ட்டாரு சார்" என்றார் பாய், தலையில் கை வைத்துக்கொண்டு. "இப்ப தெனம் காலீல குட்மார்னிங் அனுப்புறாரு. பேஜாரா கீது."

இதற்கு மேலும் அங்கே இருப்பானேன்? காலி செய்துவிடுவது என்று முடிவானது. பாயே சொந்தமாக ஓர் இடம் அமைத்துத் தருவதாகச் சொன்னார். சின்ன ஃபோரம். நம் ஆட்கள் மட்டும். யார் வந்தார், யார் போனார் என்று அது யாரிடமும் சொல்லாது. எழுதினால் தெரியும், எழுதாவிட்டால் தெரியாது. அவ்வளவுதான்.

சரி, நாளைக்கே போய்விடலாமா?

"ஆடி பொறந்துடுச்சே சார்" என்றான் குரூப்பின் அட்மினான தனசேகர்.

"இன்டர்நெட்டுக்கு ஏதுப்பா ஆடி?"

"வூடுன்னா வூடுதான் சார். ஆடில எவனாவது வூடு மாறுவானா?"

நான் பாயைப் பார்த்தேன். அவராவது ஆதரிப்பார் என்று நினைத்தேன். "சேகர் சொல்றது கரீட்டு சார். இந்தக் கடையையே நா ஆவணிலதான் தொறந்தேன். ஆடில தொறந்தா கஸ்டமரு எவன் வருவான்?" என்றார். வண்ணாரப்பேட்டையில் வியாபாரம் செய்கிறவருக்கு எல்லா மதத்துப் பஞ்சாங்கமும் அத்துப்படி.

ஆக, ஒரு மாதம் உளவாளியின் வீட்டிலேயே குடியிருந்தோம். அந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாய் கடையில் கூட்டம் போட்டோம். அதற்குத்தான் மெர்சி வந்தார்.

மெர்சி காசிமேட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு பார்க்கிறவர். இடது கையால் ஆடுவார். எங்களில் அவரிடம் தோற்காத ஆண் கிடையாது. ஆனால் குரூப்பில் மட்டும் அவர் எழுதுவது விசித்திரமாக இருக்கும். 'அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அதனால் இந்த வாரம் பிராக்டிஸ் இல்லை' என்பார். 'வீட்டுக் கூரை மாற்றினோம், போர்டை மாடியில் வைத்திருக்கிறோம்' என்பார். கேரம் பாதி, குடும்பம் பாதி. நாங்கள் அதை வைத்து நிறையக் கிண்டல் செய்திருக்கிறோம்.

அன்று அவர் உட்காரக்கூட இல்லை.

"நா வர்ல சேகரண்ணா. நீங்கள்லாம் போங்க."

"இன்னா மெர்சி, நீ இல்லாம குரூப்பா?"

"என் தம்பி ஸ்டீபன் கப்பல்ல கீறான்ல..." என்று ஆரம்பித்தார்.

ஸ்டீபனை எல்லோருக்கும் தெரியும். சரக்குக் கப்பலில் சமையல் வேலை. குரூப்பில் பெயர் உண்டு, ஒரு வரி எழுதியதில்லை. அவர்களுடைய அப்பா இறந்தபோது அவன் நடுக்கடலில் இருந்தான். கம்பெனி ஏஜென்ட் மூலமாகச் செய்தி போய், அடுத்த துறைமுகத்தில் இறங்கி, விமானம் பிடித்து வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. இனியும் வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். மெர்சி சரி என்று தலையாட்டினார்.

"வந்து நின்னான் சார். ஐஸ் கம்பெனில கீறே, அப்பாவ எனக்காக ரெண்டு நாள் வெச்சிருக்க முடியலயான்னு கேட்டான். அத்தோட சரி. அதுக்கப்பால பேச்சே இல்ல. ஃபோன் கெடையாது. நெட்லயும் என்ன பிளாக் பண்ணி வெச்சிகிறான்."

மெர்சி, பாயின் கம்ப்யூட்டரில் எங்கள் குரூப்பைத் திறந்தார். பக்கத்தின் அடியில் 'சமீபத்தில் வந்தவர்கள்' என்று பெயர்கள் வரிசையாக இருக்கும். நாங்கள் கரித்துக்கொட்டிய அதே வரிசை. அதில் ஒரு பெயரில் விரலை வைத்தார்.

"கப்பல் எங்கியாவது கரைக்கு வந்துச்சின்னா இங்க வருவான். நா எழுதுனத படிச்சிட்டுப் பூடுவான். பேரு மட்டும் நிக்கும். அந்தப் பேர பாத்த அன்னிக்கு நா ரெண்டு தோச சேத்துத் துன்னுவேன் சார். உசுரோட கீறான்னு எனக்குத் தெரியறதே இதுலதான். இத்தயும் எடுத்துட்டா எனக்கு இன்னா கீது?"

கூரை, கண் ஆபரேஷன் என்று அவர் எழுதியதெல்லாம் எங்களுக்கே இல்லையே. நாங்கள்தான் நடுவில் புகுந்து சிரித்திருக்கிறோம்.

பாய்தான் வழி சொன்னார். எல்லோரும் புது இடத்துக்குப் போவோம். பழைய குரூப்பை அப்படியே விட்டுவைப்போம். முகப்பில் புது விலாசத்தை ஒட்டிவிடுவோம். மெர்சி இங்கேயும் எழுதட்டும், அங்கேயும் எழுதட்டும். மெர்சி அரை மனதாகத் தலையசைத்தார்.

ஆவணி பிறந்தது. நல்ல நாள் பார்த்து, பாய் கடையில் பால் காய்ச்சினோம். ஆமாம், நிஜமாகவே. டீக்கடையிலிருந்து ஸ்டவ் வந்தது. பால் பொங்கி ஒரு கீபோர்டின் மேல் வழிந்தது. சுபசகுனம் என்று எல்லோரும் கைதட்டினோம், பாயைத் தவிர. அதே சூட்டில், மெர்சி நீங்கலாக, ஆளாளுக்குப் பழைய சைட்டில் கணக்கை மூடினோம். மூடிய கணக்கைத் திரும்பத் திறக்க முடியாது என்று அது எச்சரித்தது. ரொம்ப சந்தோஷம் என்றோம்.

கடைசியாக நாற்காலியில் உட்கார்ந்தவன் தனசேகர். எங்கள் தனசேகர் ஆயுள் முழுக்க வாடகை வீட்டில் இருந்தவன். வீட்டைக் காலி செய்தால் ஆணியைக்கூடப் பிடுங்கி, தரையைப் பெருக்கித் துடைத்து, வெறும் வீடாகத்தான் சாவியைத் தருவான். கை அந்தப் பழக்கத்தில் போய்விட்டது. குரூப்பையே அழித்துவிட்டான். புது விலாசம் ஒட்டிய அறிவிப்போடு சேர்த்து.

"சேகரு... இன்னா பண்ணே நீ?" என்றார் பாய்.

"சுத்தமா காலி பண்ணிட்டேன் பாய். பழைய வூட்ல நம்ம சாமான் ஒண்ணு கெடந்தாலும், நம்மள திரும்பி இஸ்துகினு வந்துடும்னு எங்கம்மா சொல்லும்" என்றான் பெருமையாக. சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே உறைத்துவிட்டது. மெர்சியின் பக்கம் திரும்ப அவனுக்கு முகம் இல்லை.

மெர்சி அழவில்லை, திட்டவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நாங்கள் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்போம்.

பாய் புதுசாக ஒரு கணக்கைத் தொடங்கி, ஸ்டீபனைத் தேடினார். உலகத்தில் பாதிப் பேருக்கு ஸ்டீபன் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். இவன் முகத்தைக்கூடப் போடாமல் ஒரு கப்பல் படத்தைப் போட்டிருந்தான். கப்பல் படம் போட்ட ஸ்டீபன்களே ஒரு கூட்டம் இருந்தது. சரி, ஏஜென்ட் ஆபீசில் சொல்லி அனுப்பலாமே? மறுநாள் மெர்சியிடம் நான்தான் கேட்டேன்.

"வோணாம் சார்" என்றார் மெர்சி. "ஏஜென்ட் மூலியமா போன கடைசி சேதி அப்பா செத்த சேதி. மறுபடியும் போச்சின்னா, அம்மாதான்னு நெனச்சிக்குவான்."

பிறகு காத்திருப்புதான். மெர்சி புது ஃபோரத்துக்கு வந்தார், வழக்கம்போல எழுதினார். 'அம்மா இப்போது கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார்கள்.' நாங்கள் வரிசையாக அதற்குக் கீழே ஏதாவது எழுதினோம். யார் பார்த்தார்கள் என்று அங்கே தெரியாது. அதற்காகத்தானே கட்டினோம்? இப்போது அதுதான் குறையாக இருந்தது. தனசேகர் ராயபுரத்தில் ஒரு சர்ச்சுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றினான். எப்படி வேண்டிக்கொள்வது என்று தெரியாமல், தேங்காயும் உடைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தண்டையார்பேட்டை கிளப்பில் மெர்சியும் தனசேகரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் வேடிக்கை. மெர்சியின் செல்போன் அடித்தது. பார்த்தால் ஏதோ வெளிநாட்டு நம்பர். எடுத்தார். அந்தப் பக்கத்துக் குரல் போர்டைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்டது.

"அக்கா, யாருக்கு இன்னா ஆச்சு?"

மெர்சி கையிலிருந்த ஸ்ட்ரைக்கரைக் கீழே வைத்தார்.

"குரூப்பே இல்ல. சேகரண்ணன் இல்ல, பாய் இல்ல, ஒர்த்தருமே இல்ல. அப்போ சுனாமில வந்த மாரி திரும்பியும் கடலு உள்ள வந்துட்ச்சான்னு... அம்மா எங்க? பேசுக்கா, எதுனா பேசு."

"ஒண்ணும் ஆவல" என்றார் மெர்சி. "நாங்க வூடு மாறிட்டோம். அவ்ளோதான்."

"சொல்லாமலா மாறுவீங்க?"

"நீ எங்கிட்ட பேசினுதான் இருந்தியா, சொல்றதுக்கு?"

அந்தப் பக்கம் அவன் அழுவது கேட்டது. மெர்சியும் அழுதார். தனசேகர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். அம்மாவுக்குக் கண் எப்படி இருக்கிறது, புதுக் கூரை ஒழுகுகிறதா என்றெல்லாம் ஸ்டீபன் கேட்டான். எல்லாவற்றையும் படித்திருக்கிறான், பாவி. கடைசியில் அப்பா கல்லறையைப் பற்றி ஏதோ பேசினார்கள். அது அவர்கள் விஷயம், நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

இத்தனை நாளும் அவன் ஏன் பேசவில்லை? கோபம் என்று நினைத்திருந்தோம். இருந்திருக்கும். ஆனால் எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல் இருக்கும்போது, கதவைத் தட்ட யாருக்குத்தான் தோன்றும்? அவனுக்கும் பார்த்தால் போதும், அக்காவுக்கும் அவன் பார்த்தது தெரிந்தால் போதும். அப்படியே இரண்டு பேரும் கிழவர்களாகியிருப்பார்கள்.

விஷயத்தைக் கேள்விப்பட்டு பாய் கடையைச் சாத்திவிட்டு ஓடி வந்தார். "முதல்ல அவனுக்கு நம்ம புது விலாசத்த குடு மெர்சி. நா பாஸ்வேர்டு போட்டுத் தரேன்."

"குடுக்க மாட்டேன் பாய்" என்றார் மெர்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "குடுத்தா திரும்பியும் பாத்துட்டுப் பூடுவான். ஃபோன் பண்ணட்டும்."

ஆக, எங்கள் புது வீட்டில் யாருக்கும் தடையில்லை, யாரையும் கண்காணிப்பதில்லை... ஸ்டீபன் மட்டும் உள்ளே வரக் கூடாது!