தொப்பைக்கு இடம்

அம்மா தரையில் அடுப்பு வரைந்துகொண்டிருக்கிறாள். ஆறு பர்னருக்கு ஆறு வட்டம். காம்பஸ் இல்லை, பழைய பெயிண்ட் டப்பாவின் மூடிதான். வலது முழங்காலில் மட்டும் ரப்பர் உறை. ஜோடியில் மற்றது பாலிஷ்காரரிடம் இருக்கிறது. அவருக்கு இடது முழங்கால் வலி, இவளுக்கு வலது. ஒரே ஜோடியை வாங்கிப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

அடுப்புக்குப் பின்னால் நீளமாக ஒரு கோடு இழுத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள்.

"செவுத்துக்குள்ள நிக்கிற. நகரு."

நகர்கிறேன்.

எங்கள் குடும்பம் உணவகங்களுக்குச் சமையலறை செய்து கொடுக்கிறது. மேடை, தொட்டி, அலமாரி, புகைக்கூண்டு எல்லாம் எவர்சில்வர் தகட்டில், அந்தந்த அறைக்கும் அந்தந்த ஆட்களுக்கும் அளவெடுத்து. நான் கணினியில் வரைகிறேன். அண்ணன் வெட்டி, வளைத்து, வெல்டிங் வைக்கிறான். பாலிஷ்காரர் பளபளப்பாக்குகிறார். உங்களுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் அம்மா, "தொந்தரவு குடுக்கறது" என்பாள். துல்லியமான பதில்தான்.

என் வரைபடம் முடிந்ததும் அதை உண்மை அளவில் பட்டறைத் தரையில் சாக்பீஸால் வரைவாள். பிறகு வாடிக்கையாளரை அவருடைய ஆட்களோடு வரவழைப்போம். அட்டைப்பெட்டிதான் ஃபிரிட்ஜ். கவிழ்த்த வாளிதான் அரைக்கும் இயந்திரம். அந்தக் கோடுகளுக்குள் நின்று அவர்கள் ஒரு முழு வேளை சமைக்க வேண்டும். இல்லாத காயை நறுக்கி, இல்லாத எண்ணெயில் பொரித்து, காலித் தட்டில் பரிமாற வேண்டும். யார் எங்கே முட்டிக்கொள்கிறார்கள் என்று நான் குறித்துக்கொள்வேன். தகட்டை வெட்டிய பிறகு தெரிவதைவிட இது மலிவு.

சாப்பிட வந்தவர் வேடம் அம்மாவுக்கு. கோட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவாள். கொஞ்ச நேரம் பொறுப்பாள். பிறகு ஆரம்பிக்கும்.

"என்னப்பா, இப்பதான் விதை போட்டு முளைக்க வெக்கிறீங்களா?"

காலித் தட்டு வந்ததும் அதில் இல்லாததை எடுத்து வாயில் போட்டு மெல்லுவாள். "உப்பு இல்ல. திருப்பி எடுத்துட்டுப் போ." ஒருமுறை தலைநரைத்த சமையல்காரர் ஒருவர் முகம் சிவந்து, "நான் சரியாத்தான் போட்டேன்!" என்று கத்தினார். தட்டில் ஒன்றுமே இல்லை என்பது பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. அவர் இன்றும் எங்கள் வாடிக்கையாளர்.

பாத்திரம் கழுவுகிறவர் வேடம் அப்பாவுக்கு. பட்டறைக்கு முதலாளி, ஆனால் அந்த வேடத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அவருக்குப் பெரிய தொப்பை. எல்லோரும் கை நிறையச் சுமந்துகொண்டு ஓடும் நேரம் பார்த்து, தட்டு அடுக்கைத் தூக்கிக்கொண்டு எதிரே வருவார். தொப்பை முதலில் வரும், பின்னால் அவர் வருவார். மேடையை ஒட்டி அவர் நிற்க, அவருக்குப் பின்னால் இன்னொருவர் உரசாமல் கடந்து போக முடிந்தால் நடைபாதை சரி. முடியாவிட்டால் கோட்டை அழித்து மறுபடி வரைய வேண்டும். இதற்கெல்லாம் கையேடுகளில் அளவு இருக்கிறது. நாங்கள் அதைப் பார்த்ததில்லை. என் கோப்பில் நடைபாதை அகலத்தின் பெயர் இன்னும் 'அப்பா' என்றுதான் இருக்கிறது. மாற்றவில்லை.

சில சமயம் அம்மாவே நாற்காலியை விட்டு எழுந்து, ஒரு தட்டோடு அவருக்கு எதிரே போவாள். பக்கவாட்டில் திரும்பி, தட்டைத் தலைக்கு மேல் தூக்கி, "போங்க தொப்ப, வழி விட்டாச்சு" என்பாள். "வரேன் சாக்பீஸ், என்ன அவசரம்?" என்று அவர் வேண்டுமென்றே மெதுவாகப் போவார். வாடிக்கையாளர்கள் முன்னாலேயே.

பட்டறைக்கு வெளியிலும் அம்மா சும்மா இருப்பதில்லை. புதிதாக ஒருவரைப் பார்த்தால் முகத்தைப் பார்க்கும் முன் முழங்கையைப் பார்ப்பாள். தரையிலிருந்து அது எவ்வளவு உயரமோ, அதை வைத்துத்தான் அவருக்கு மேடை. எனக்குப் பிடித்த ஒருவரை முதன்முதலில் வீட்டுக்கு அழைத்து வந்தபோது, காபி கொடுத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "இந்த ஆளுக்கு மேடைய நாலு விரல் ஒசத்தணும். உனக்கு எட்டாது. யோசிச்சுக்கோ."

உணவகத்துக்குப் போனால் சமையலறைக் கதவை ஒட்டிய மேசைதான் வேண்டும். யாரும் விரும்பாத மேசை, கிடைத்துவிடும். சாப்பாட்டைவிடச் சத்தத்தைக் கவனிப்பாள். "கதவு ரெண்டு தடவ அடிக்குது. ஸ்பிரிங் போச்சு." "தட்ட தூக்கிப் போடறாங்க பாரு. தொட்டி ஆழம் ஜாஸ்தி." பிறகு, கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து சமையலறைக்குள் போய்விடுவாள். அதற்காகக் கைப்பையில் ஒரு வெள்ளைக் கோட்டு மடித்து வைத்திருக்கிறாள். தான் சுகாதார அதிகாரி என்று ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு பேசாமல் நின்று, அலமாரியின் அடியில் விரலை ஓட்டுவாள், அவ்வளவுதான். உள்ளே இருப்பவர்கள் தாங்களாகத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். "சுத்தமாச்சா இல்லியா? அப்புறம் என்ன?" என்பாள் வெளியே வந்து.

அதே பையில் ஒரு சின்ன அரம் உண்டு. வெட்டிய தகட்டின் ஓரத்தில் பிசிறு இருந்தால் கையைக் கீறும். எவர்சில்வர் எங்கே இருந்தாலும் அம்மாவின் கட்டைவிரல் அதன் ஓரத்துக்கு அடியில் போய்விடும். பேருந்துக் கம்பி, லிஃப்ட் கதவு, பல் மருத்துவரின் தட்டு.

அப்பா இறந்த அன்று மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் அவரை எவர்சில்வர் மேசையில் கிடத்தியிருந்தார்கள். அண்ணன் அழுதான். நான் குளிரூட்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அம்மாவின் கட்டைவிரல் மேசையின் ஓரத்துக்கு அடியில் போயிற்று.

"பிசிறு எடுக்கல" என்றாள். "யாரு அடிச்ச வேல இது?"

பையைத் திறந்து அரத்தை எடுத்தாள். அப்பாவின் கை கிடந்த பக்கத்தில் தேய்க்க ஆரம்பித்தாள். ஊழியர் ஏதோ சொல்ல வந்தார்.

"இருப்பா, முடிச்சிடறேன். இவரு இப்ப எங்கயும் ஓடப் போறதில்ல."

நான்கு பக்கமும் தேய்த்து, விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

அதற்குப் பிறகு ஒரு பெரிய தொழிற்சாலை அண்ணனைக் கூப்பிட்டது. தொட்டி மட்டும் செய்து கொடுத்தால் போதும். ஒரே அளவு, வருடம் முழுக்க வேலை. அண்ணனுக்குச் சம்மதம். அப்பா இல்லாமல் ஒரு முழுச் சமையலறையை எடுத்துச் செய்ய அவனுக்குப் பயம். அம்மா ஒரே ஒரு வாய்ப்புக் கேட்டாள். "ஒரு சமையலறை. அது மட்டும் கைய விட்டுப் போச்சுன்னா நீ தொட்டி அடி. நான் அதுல உக்காந்து குளிச்சுக்கறேன்."

அந்த ஒரு சமையலறைதான் இப்போது தரையில் இருக்கிறது.

உணவக உரிமையாளர் இளைஞர், சமையலும் அவரேதான். ஒல்லி. கூட வந்திருக்கும் இரண்டு உதவியாளர்களும் ஒல்லி. "மூணு பேரையும் சேத்துக் கட்டினாலும் ஒரு ஆள் தேறாது" என்கிறாள் அம்மா என் காதில். அவருக்கு நடைபாதை குறுகலாக வேண்டும். மிச்சமாகும் இடத்தில் வெளியே இன்னும் இரண்டு மேசை போடலாம். அப்படியே செய்து தர இன்னொரு பட்டறை ஒப்புக்கொண்டிருக்கிறது. அதையும் சொல்லிவிட்டார்.

அப்பாவின் வேடத்துக்கு ஆள் வேண்டும். அம்மா பாலிஷ்காரரின் மேலங்கிக்குள் ஒரு தலையணையைத் திணிக்கிறாள்.

"அக்கா, கூசுது."

"மூச்ச உள்ள இழுக்காதீங்க. அவரு இழுக்க மாட்டாரு."

சமையல் ஆரம்பமாகிறது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்தில் இல்லாத ஒருவரிடம் இந்தக் கடையைப் பற்றிக் குறை சொல்கிறாள். உரிமையாளர் தட்டோடு திரும்புகிறார். பாலிஷ்காரர் எதிரே வருகிறார். தலையணை தட்டில் மோத, தட்டு தரையில் விழுந்து பட்டறை அதிர்கிறது. இரண்டாம் முறை தலையணையே நழுவிக் கீழே விழுகிறது.

"சுகப்பிரசவம்" என்கிறார் பாலிஷ்காரர், குனிந்து எடுத்துக்கொண்டே.

எல்லோரும் சிரிக்கிறார்கள். உரிமையாளரும் சிரித்துவிட்டு, பொறுமையாகச் சொல்கிறார். "அம்மா, எங்ககிட்ட இவ்ளோ குண்டா யாருமே இல்லயே."

"இன்னிக்கு இல்ல. நீங்க நல்லா சமைச்சா தானா ஆயிடுவாங்க. நல்லா சமைப்பீங்கதானே?"

"சமைப்பேன். ஆனா இல்லாத ஒருத்தருக்காக ரெண்டு மேசைய எப்படிம்மா விடறது?"

அண்ணன் தரையைப் பார்க்கிறான். பாலிஷ்காரர் தலையணையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறார். எங்கள் வீட்டு விஷயம் உரிமையாளருக்குத் தெரியாது. என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று முகம் முகமாகப் பார்க்கிறார்.

"எங்ககிட்டயும் இப்ப இல்லதான்" என்கிறாள் அம்மா.

எழுந்து வந்து, மேடைக்கான கோட்டைச் செருப்புக்காலால் அழிக்கிறாள். உரிமையாளர் கேட்ட இடத்திலேயே புதுக்கோடு போடுகிறாள். "இவ்ளோதானே?" அவர் தலையாட்டுகிறார். அண்ணன் மூச்சு விடுகிறான். நான் கணினியைத் திறக்கிறேன், 'அப்பா'வைத் திருத்த.

"இஞ்சினியரம்மா, கொஞ்சம் பொறு."

சுவரில் ஆணியில் தொங்கும் அட்டையை எடுத்து வருகிறாள். அப்பா சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் தூங்கும்போது, அந்த அட்டையை அவர் வயிற்றோடு படுக்கையாகப் பிடித்துப் பென்சிலால் சுற்றி வரைவது அவள் வழக்கம். வருடத்துக்கு ஒரு கோடு. எழுந்ததும் காட்டி மிரட்டுவாள். மலையை மேலிருந்து வரைந்ததுபோல ஒன்றுக்கு வெளியே ஒன்றாகக் கோடுகள். கடைசிக் கோடு மட்டும் எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கிறது. அது அவர் நோயில் கிடந்த வருடம்.

"எந்தக் கோடும்மா?" என்கிறேன்.

"பெருசு."

"கடைசியா போட்டது..."

"அது கள்ளாட்டம். செல்லாது."

பெரிய கோட்டின் மேலேயே கத்தரிக்கிறாள். வெட்டிய வளைவை மேடைக் கோட்டின் நடுவில் வைத்துச் சுற்றி வரைகிறாள். மேடையின் ஓரம் அந்த இடத்தில் மட்டும் உள்வாங்கிக்கொள்கிறது.

"வழி முழுக்கக் குறுகலாவே இருக்கட்டும். எதிர எதிர ரெண்டு பேரு வந்தா ஒருத்தர் இதுக்குள்ள ஒதுங்கிக்கலாம். சின்ன ரோட்டுல லாரி ஒதுங்கற மாதிரி."

கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். மேடையில் கொஞ்சம் போகிறது. மேசை இரண்டும் நிற்கின்றன.

"வளைவுல மெஷின் ஓரம் மடிக்காதும்மா. கையாலதான் தட்டணும்" என்கிறான் அண்ணன்.

"கை இருக்குல்ல?"

உரிமையாளர் வளைவுக்குள் நின்று பார்க்கிறார். இரண்டு பக்கமும் கை எட்டுகிறது. பாலிஷ்காரர் சொல்லாமலே தலையணையைத் திணித்துக்கொண்டு வந்து அங்கே நிற்கிறார். பின்னால் உரிமையாளர் தட்டோடு போகிறார், வருகிறார், மறுபடி போகிறார். சத்தம் இல்லை.

"இதுக்குத் தனியா எவ்ளோ?"

"தொப்பைக்குக் காசு வாங்கறதில்ல."

அவர் சிரித்துவிடுகிறார். "வெட்டுங்க" என்கிறார்.

அவர்கள் போனதும் அண்ணனும் பாலிஷ்காரரும் தகடு எடுக்கப் போகிறார்கள். அம்மா ஒரு காலித் தட்டை எடுத்துக்கொண்டு கோடுகளுக்குள் இறங்குகிறாள். கடைசியாக ஒருமுறை சரிபார்க்கிறாளாம். அடுப்பைத் தாண்டி நடக்கிறாள். வளைவுக்கு எதிரே வந்ததும் பக்கவாட்டில் திரும்புகிறாள். தட்டைத் தலைக்கு மேல் தூக்குகிறாள். அப்படியே நிற்கிறாள், வேண்டுமென்றே மெதுவாகப் போகிற ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம்.